மண்வெட்டியைக் கீழே வைக்கும் நாளில்: முதிய விவசாயிக்கு வரிச்சலுகை

அரசாங்க உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம் உண்டு. கம்பனியில் வேலை செய்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றால் மாலை போட்டு, படம் பிடித்து, பிரியாவிடை வைக்கிறார்கள். விவசாயிக்கு இப்படி ஒரு நாள் வருவதில்லை. முதுகு வளைந்து, முழங்கால் மடங்காத ஒரு காலையில் அவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவைக்கிறார். அன்றுதான் அவருடைய ஓய்வு.

அவருடைய சேமலாப நிதி எங்கே இருக்கிறது? வங்கியில் அல்ல. வயலிலும், தோட்டத்துக் கிணற்றிலும், பட்டியில் நிற்கும் மாடுகளிலும், நீர் இறைக்கும் இயந்திரத்திலும் இருக்கிறது. நாற்பது வருட உழைப்பை அவர் மண்ணிலே போட்டுவைத்திருக்கிறார். சிறுகடை வைத்திருப்பவருக்கும், அரிசி ஆலை நடத்துபவருக்கும், தச்சுப் பட்டறைக்காரருக்கும் இதே கதைதான். வயோதிபத்தில் அதை விற்று அல்லது பிள்ளையிடம் கொடுத்து, மிகுதிக் காலத்தை ஓட்ட வேண்டும்.

அப்படி விற்கும்போது அரசாங்கம் அதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம்? இந்தக் கேள்விக்குச் சில நாடுகள் சட்டத்தில் விடை எழுதிவைத்துள்ளன. வயது சென்றபின் தமது தொழிலை விற்பவருக்கு வரியில் விலக்கோ குறைப்போ வழங்குகின்றன. அவற்றுள் அயர்லாந்தின் சட்டத்தையும் பிரித்தானியாவின் சட்டத்தையும் இங்கே பார்ப்போம். எமது உறவினர் பலர் அந்நாடுகளில் கடை நடத்தி முதுமையை எட்டியுள்ளமை இதற்கு ஒரு காரணம். அச்சட்டங்கள் கேட்கும் கேள்விகள், காணியை விட்டு எழுப்பப்பட்ட எமது குடும்பங்களுக்கும் பாடமாக இருப்பது மற்றைய காரணம்.

ஆதாயத்தின் மீது வரி

முதலில் மூலதன ஆதாய வரி என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு காணியை வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசமே ஆதாயம். அந்த ஆதாயத்தில் ஒரு பங்கை அரசாங்கம் கேட்பது மூலதன ஆதாய வரி. காணியை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட செல்வந்தரிடம் இப்படிக் கேட்பது நியாயமே. அவருக்கு உழைப்பு இல்லாமலே விலை ஏறுகிறது.

விவசாயியின் நிலை வேறு. அவர் விலை ஏறட்டும் என்று காணியை வைத்திருக்கவில்லை, உழுவதற்காக வைத்திருந்தார். நாற்பது வருடத்தில் ஏறிய விலையில் பெரும்பகுதி பணத்தின் பெறுமதி குறைந்ததால் வந்தது. அத்தனை வருட ஏற்றமும், அவர் விற்கும் ஒரே வருடத்தில் ஒன்றாகக் கணக்கில் விழுகிறது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் அவர் பெரிய பணக்காரர்போலத் தோன்றுகிறார். அடுத்த வருடம் அவருக்கு வருமானமே இல்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டுகொண்டதால் பிறந்ததே ஓய்வுக்காலச் சலுகை.

அயர்லாந்து: காணி இழந்தவர்களின் நாடு

யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியின் பெயரைச் சொன்னாலே அயர்லாந்து நினைவுக்கு வரும். புனித பத்திரிசியார் அந்நாட்டின் பாதுகாவலர். அந்நாட்டு விவசாயிகளும் காணியை இழந்து அலைந்தவர்களே. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போதும் அதன் பின்னரும், வாரம் கொடுக்க முடியாத குத்தகைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டன. 1879இல் காணிச் சங்கத்தைத் தொடங்கிய மைக்கேல் டேவிற், குழந்தையாக இருந்தபோதே குடும்பத்தோடு வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அந்தப் போராட்டத்தின் பலனாக, 1903ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் குத்தகைக்காரர் தாம் உழுத நிலத்தை அரசாங்கக் கடனில் வாங்க வழி செய்தது. இப்படிப் பெற்ற காணி கைமாறிவிடக் கூடாது என்ற உணர்வு அங்கே ஆழமானது.

அயர்லாந்தில் மூலதன ஆதாய வரி 1974 ஏப்ரல் மாதத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வயது சென்ற விவசாயிக்கும் தொழில் உரிமையாளருக்கும் சலுகை சேர்க்கப்பட்டது. இப்போது அது 1997ஆம் ஆண்டு வரிச் சட்டத்தின் 598ஆம், 599ஆம் பிரிவுகளில் இருக்கிறது. மக்கள் அதை ஓய்வுக்காலச் சலுகை என்று அழைத்தாலும், விற்றவர் உண்மையில் வேலையை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சட்டம் மூன்று கேள்விகளையே கேட்கிறது: உமக்கு என்ன வயது? எத்தனை வருடம் உழைத்தீர்? யாருடைய கையில் கொடுக்கிறீர்?

முதற் கேள்வி: வயது

விற்பவருக்கு 55 வயது நிறைந்திருக்க வேண்டும். கடும் நோயினால் தொழிலைத் தொடர முடியாதவர், 55 வயதுக்கு ஒரு வருடத்துக்குள் இருந்தால் வரித் திணைக்களம் அவருடைய விண்ணப்பத்தையும் கவனிக்கும்.

வெளியாருக்கு விற்பதானால், மொத்த விலை 750,000 யூரோவுக்குள் இருந்தால் வரி இல்லை. வயது கூடியபின் இந்த எல்லை 500,000 யூரோவாகக் குறைகிறது. 2014ஆம் ஆண்டு முதல் இந்தக் குறைப்பு 66 வயதில் தொடங்கியது. 2025 ஜனவரி முதல் அது 70 வயதுக்குத் தள்ளப்பட்டுள்ளது. பிந்திப் பிந்திக் காணியைப் பிடித்துக்கொண்டிராமல், உடலில் வலு இருக்கும்போதே இளையவரிடம் ஒப்படையுங்கள் என்பதே இதன் கருத்து. இந்த எல்லை ஒருவருடைய வாழ்நாள் முழுவதற்கும் உரியது. இரண்டு தரம் விற்றால் இரண்டையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு விவசாயி 150,000 யூரோவுக்கு வாங்கிய நிலத்தை 700,000 யூரோவுக்கு விற்கிறார் என்று வைப்போம். ஏனைய கழிவுகளை விட்டுவிட்டால் ஆதாயம் 550,000 யூரோ. அந்நாட்டு வரி 33 வீதம். சலுகை இல்லாவிட்டால் அவர் 181,500 யூரோ கட்ட வேண்டும். அவருக்கு 60 வயதானால் விலை எல்லைக்குள் இருப்பதால் ஒன்றும் கட்டத் தேவையில்லை. 72 வயதானால் எல்லை 500,000 யூரோ. விலை அதற்கு மேல் 200,000 யூரோ. எல்லையைக் கடந்த தொகையின் பாதிக்கு மேல் வரி போகக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆகவே அவருடைய வரி 100,000 யூரோவோடு நிற்கும். எல்லையைக் கடந்தவுடன் முழுச் சலுகையும் அறுந்துபோகாமல், இப்படி ஒரு தாங்குகட்டை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் கேள்வி: பத்து வருடம்

விற்கும் நாளுக்கு முன் தொடர்ந்து பத்து வருடம் அந்த நிலம் அவருக்கு உரியதாகவும், அவருடைய விவசாயத்தில் பயன்பட்டதாகவும் இருக்க வேண்டும். உறுதி மட்டும் போதாது, உழவும் வேண்டும். பட்டணத்திலிருந்து நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு, வயது வந்ததும் சலுகை கேட்பவரை இந்தப் பத்து வருட விதி தடுக்கிறது.

ஆனால் தன் குற்றமின்றி உழமுடியாமற் போனவரை என்ன செய்வது? இதற்கு அச்சட்டத்தில் உள்ள ஏற்பாடுகளை எமது வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

கணவன் இறந்தபின் மனைவி காணியை ஏற்றுச் சில வருடமே பயிர் செய்திருக்கலாம். அப்போது கணவன் உழுத வருடங்களும் மனைவியின் கணக்கில் சேர்க்கப்படும். மனைவி இறந்து கணவன் ஏற்றாலும் அவ்வாறே. விதவை புதிதாகப் பத்து வருடம் எண்ணத் தேவையில்லை.

உடல் தளர்ந்து காணியைக் குத்தகைக்குக் கொடுத்தவருக்கும் வழி உண்டு. குத்தகைக்குக் கொடுக்குமுன் பத்து வருடம் தாமே உழுதிருந்தால், குத்தகைக் காலம் 25 வருடத்துக்கு மேற்படாதவிடத்து, பிள்ளைக்குக் கொடுக்கும்போது சலுகை தங்கும். வெளியாருக்கு விற்பதானால் ஒவ்வொரு குத்தகையும் குறைந்தது ஐந்து வருடத்துக்குரியதாக இருக்க வேண்டும்.

வீதி அமைக்க அரசாங்கம் காணியைக் கட்டாயமாக எடுத்தால், அதற்கு முந்திய ஐந்து வருடத்துக்குள் அக்காணி குத்தகைக்கு விடப்பட்டிருந்தாலும், அதற்குமுன் பத்து வருடம் உழுதவர் சலுகையை இழக்கமாட்டார்.

இவற்றையெல்லாம் இணைக்கும் கருத்து ஒன்றுதான். இறப்பு, தளர்ச்சி, அரசாங்கத்தின் சுவீகரிப்பு ஆகியவற்றால் உழவு நின்றாலும், ஒருவர் முன்பு சிந்திய வியர்வை அழிந்துபோவதில்லை. இந்தக் கருத்தை மனதில் வைத்துக்கொள்வோம். எமது நிலைமைக்கு வரும்போது அது தேவைப்படும்.

மூன்றாம் கேள்வி: யாருடைய கை?

வெளியாருக்கு விற்பதைவிடப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு எல்லை மிகவும் பெரியது. 55 வயதுக்கும் 70 வயதுக்கும் இடையில் பிள்ளைக்குக் கொடுத்தால் ஒரு கோடி யூரோ வரையும், அதன்பின் 30 இலட்சம் யூரோ வரையும் சலுகை உண்டு. பிள்ளை என்ற சொல்லுக்கும் சட்டம் விரிந்த பொருள் தருகிறது. இறந்துபோன பிள்ளையின் பிள்ளை அதில் அடங்கும். விவசாயியோடு ஐந்து வருடம் முழுநேரமாக நின்று பாடுபட்ட பெறாமகனோ மருமகளோ, அதாவது உடன்பிறந்தாரின் பிள்ளை, அவர்களும் பிள்ளையாகக் கொள்ளப்படுவர்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெற்ற காணியைப் பிள்ளை ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும். அதற்குள் விற்றால், பெற்றோருக்கு விடப்பட்ட வரியைப் பிள்ளையே கட்ட வேண்டும். பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக அல்ல, காணி குடும்பத்தில் உழவுக்கு நிலைப்பதற்காகவே இச்சலுகை என்பதை இந்த ஆறு வருட விதி காட்டுகிறது.

பிரித்தானியா: சிறியவருக்கென வந்து பெரியவரிடம் போனது

இனி, எமது உறவினர் அதிகமாக உள்ள பிரித்தானியாவைப் பார்ப்போம். அங்கே மூலதன ஆதாய வரி 1965ஆம் ஆண்டு நிதியமைச்சர் ஜேம்ஸ் கலகன் காலத்தில் வந்தது. அதனோடு ஓய்வுச் சலுகையும் வந்தது. 65 வயதில் தொழிலை விற்பவருக்கு முதல் 10,000 பவுண் ஆதாயம் விலக்கப்பட்டது. பின்னர் வயது படிப்படியாகக் குறைந்து, 1991இல் 55 ஆகவும் 1995இல் 50 ஆகவும் ஆனது. 1993 முடிவிலிருந்து முதல் 250,000 பவுணுக்கு முழு விலக்கும், அதற்குமேல் பத்து இலட்சம் பவுண் வரை பாதி விலக்கும் கிடைத்தன. 1999இலிருந்து இச்சலுகை சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டு, 2003 ஏப்ரலில் முற்றாக நிறுத்தப்பட்டது.

அந்தக் காலத்தில் நீதிமன்றம் சென்ற வழக்குகளில் விவசாயிகளின் வழக்குகள் முக்கியமானவை. 1977இல் ஒரு வழக்கு. ஏறக்குறைய 35 ஏக்கர் உழுத முதியவர் ஒருவர், வீடு கட்ட அனுமதி பெற்ற சுமார் 5 ஏக்கரை விற்றுவிட்டு, மிகுதியில் முன்போலவே பயிர் செய்தார். நீதிமன்றம் சலுகையை மறுத்தது. அவர் விற்றது காணித்துண்டு ஒன்றை. தொழிலின் ஒரு பகுதியை அல்ல என்பது தீர்ப்பு. 1994இல் இன்னொரு வழக்கு. ஒரு பால்பண்ணைக்காரர் பால் கறக்கும் கொட்டிலையும் அதைச் சேர்ந்த வளவையும் விற்று, பால் தொழிலையே நிறுத்தினார். நிலம் பெரும்பாலும் அவரிடமே இருந்தது. ஆயினும் பால் தொழில் என்ற ஒரு முழுப் பகுதி முடிந்துவிட்டதால் சலுகை கிடைத்தது. ஆகவே எத்தனை ஏக்கர் விற்றார் என்பது முக்கியமல்ல; தொழிலில் எது நின்றுபோனது என்பதே கேள்வி.

2008 ஏப்ரலில் சலுகை வேறு பெயரில் திரும்பி வந்தது. முயற்சியாளர் சலுகை என்று அழைக்கப்பட்ட அதில் வயதுக் கட்டுப்பாடு இல்லை. வாழ்நாளில் பத்து இலட்சம் பவுண் ஆதாயம் வரை 10 வீத வரி மட்டும். அந்த எல்லை 2010இல் 50 இலட்சமாகவும், 2011இல் ஒரு கோடி பவுணாகவும் உயர்த்தப்பட்டது. விளைவு என்ன? 2020 மார்ச் மாத வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரிஷி சுனாக், இச்சலுகையால் அரசாங்கம் இழக்கும் பணத்தில் ஏறக்குறைய முக்காற்பங்கு 5,000 பேருக்கே போகிறது என்று பாராளுமன்றத்தில் கூறினார். எல்லை மறுபடியும் பத்து இலட்சத்துக்குக் குறைக்கப்பட்டது. சலுகை வீதமும் 2025 ஏப்ரலில் 14 ஆக்கப்பட்டு, 2026 ஏப்ரலிலிருந்து 18 என்று சட்டமாக்கப்பட்டது. வழமையான வரியின் மேல்வீதம் 24.

மூலைக் கடைக்காரரையும் சிறு விவசாயியையும் சொல்லிக் கொண்டுவந்த சலுகை, எல்லையை அகலத் திறந்தவுடன் பெரும் செல்வந்தரிடம் போய்ச் சேர்ந்தது. பொதுப் பணத்திலிருந்து கொடுக்கும் எந்தச் சலுகைக்கும் வரம்பு கட்டாவிட்டால், மேட்டு வயலுக்கே தண்ணீர் போய்விடும்.

“அண்ணை, இனி ஏலாது, கடையை விக்கப்போறன்” என்று லண்டனிலிருந்து தம்பி தொலைபேசியில் சொன்னால், அவருக்கு நாங்கள் சொல்லக்கூடியவை இவை. விற்கும் நாளுக்குமுன் குறைந்தது இரண்டு வருடம் தொழில் அவருடைய பெயரில் நடந்திருக்க வேண்டும். கடையை மூடிவிட்டால் மூன்று வருடத்துக்குள் கட்டடத்தையும் மற்றச் சொத்துக்களையும் விற்க வேண்டும். வாடகைக்கு விட்டு வாடகை வாங்குவது மட்டும் இதில் தொழிலாகக் கொள்ளப்படாது. கேட்டு விண்ணப்பித்தால்தான் சலுகை கிடைக்கும்; தானாக வராது. ஆகவே விலை பேசுமுன் கணக்காளரைக் காண்பது நல்லது. விற்று முடிந்தபின் காண்பதால் அதிகம் பயன் இல்லை.

எமது நாட்டில்

இலங்கையில் மூலதன ஆதாய வரி முன்பு இருந்து நீக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் மூலம் 2018 ஏப்ரல் முதலாம் திகதி மீண்டும் வந்தது. முதலில் 10 வீதம். 2025 ஏப்ரலிலிருந்து தனியாட்களுக்கு 15 வீதம். வயது சென்று தொழிலை விட்டு விற்பவருக்கென்று அயர்லாந்தில் இருப்பதுபோன்ற சலுகை இச்சட்டத்தில் இல்லை.

இருந்தாலும் அறிந்துவைக்க வேண்டிய இரண்டு விதிகள் உண்டு. முதலாவது, பழைய காணிகளுக்கு 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி இருந்த சந்தைப் பெறுமதியே வாங்கிய விலையாகக் கொள்ளப்படும். அப்பனும் பாட்டனும் எத்தனை ரூபாவுக்கு வாங்கினார்கள் என்று தேடவேண்டியதில்லை. உதாரணமாக, அன்று 20 இலட்சம் பெறுமதியான காணி இன்று 50 இலட்சத்துக்குப் போனால், ஆதாயம் 30 இலட்சம். 15 வீதத்தில் வரி நாலரை இலட்சம். அன்றைய பெறுமதியைக் குறைத்துக் காட்டினால் வரி கூடும். ஆகவே தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை பெறுமதியானது. காணியைப் பயிர்செய்யும் தொழிலின் சொத்தாகக் கணக்கிடுவதா, முதலீட்டுச் சொத்தாகக் கணக்கிடுவதா என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறலாம். விற்குமுன் இறைவரித் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, ஒருவர் தமது பிரதான வதிவிடத்தை விற்றால் வரி இல்லை. ஆனால் விற்குமுன் மூன்று வருடம் தொடர்ந்து அது அவருக்குச் சொந்தமாக இருந்து, அதில் குறைந்தது இரண்டு வருடம் அவர் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

இங்கேதான் எமது மக்களின் புண் இருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய குடும்பத்தை நினைத்துப்பாருங்கள். அதே வருடம் சில மணித்தியால அவகாசத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்தை நினைத்துப்பாருங்கள். வன்னியில் 2008இலும் 2009இலும் ஊர் ஊராக நகர்ந்தவர்களை நினைத்துப்பாருங்கள். உறுதி கையில் இருந்தது. கால் வைக்க முடியவில்லை. காணி திரும்பக் கிடைத்தபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது, வரம்பு பற்றையாகிவிட்டது, உழுதவருக்கு எழுபது வயது. திருத்தி எடுக்கப் பணமும் இல்லை, உடம்பும் இல்லை. விற்போம் என்றால், “இரண்டு வருடம் அங்கே இருந்தீரா?” என்று விதி கேட்கிறது. இருக்கவிடாமல் செய்யப்பட்டவரிடம் இருந்தீரா என்று கேட்பது எப்படி நியாயமாகும்?

இப்படி ஒரு நியாயத்தை எமது சட்டமும் ஒருமுறை ஏற்றிருக்கிறது. பத்து வருடம் எதிரிடையாக ஆண்டுகொண்டவர் காணிக்கு உரிமை கோரலாம் என்பது ஆட்சியுரிமைச் சட்டம். போரினால் இடம்பெயர்ந்தவர் இதனால் காணியை இழக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆயுத நடவடிக்கைகள் காரணமாக 1983 மே 1ஆம் திகதிக்கும் 2009 மே 18ஆம் திகதிக்கும் இடையில் தமது காணிக்குச் செல்ல முடியாதிருந்தவருக்கு எதிராக அக்காலத்தை எண்ணக் கூடாது என்று அச்சட்டம் கூறியது. வழக்கிட இரண்டு வருட அவகாசமே தரப்பட்டது, அது முடிந்துவிட்டது. ஆனாலும் அதன் அடிப்படை முக்கியமானது: இடம்பெயர்ந்த வருடங்கள் கைவிட்ட வருடங்கள் அல்ல. ஆட்சியுரிமைக்குப் பொருந்தும் இந்த நியாயம் வரிக்கும் பொருந்த வேண்டும்.

உத்தரவுப்பத்திரக் காணிகள்

எமது வாசகர்களில் அநேகர் குடியேற்றத் திட்டங்களில் உத்தரவுப்பத்திரக் காணி, அதாவது பேர்மிற் காணி, பெற்றவர்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட இக்காணியை விரும்பியபடி விற்க முடியாது. இவர்களுக்கு முதுமையில் கையளிப்பது என்பது பின்னுரித்தாளியைப் பெயர் குறிப்பது. பெயர் குறிக்காமல் உத்தரவுப்பத்திரக்காரர் இறந்தால் சட்டத்தின் அட்டவணைப்படியே காணி போகும். அந்த அட்டவணை நெடுங்காலம் ஆண்பிள்ளைகளை முன்னே வைத்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. தாயோடு நின்று நாற்று நட்ட மகளுக்கும் இப்போது இடமுண்டு. ஆயினும் பெரியவர் உயிரோடிருக்கும்போதே பிரதேச செயலகத்தில் பெயரைப் பதிவதுதான் பிள்ளைகளிடையே பிணக்கு வராமற் காக்கும்.

வீட்டில் இப்போதே செய்யக்கூடியவை

அயர்லாந்துச் சட்டம் கேட்கும் பத்து வருடத்தை அந்நாட்டு விவசாயி கடதாசியால் நிரூபிக்கிறார். எங்கள் அநேகருடைய கடதாசிகள் பதுங்குகுழியிலும் கடலேரியிலும் போய்விட்டன. இருப்பவற்றைச் சேர்ப்பதும், இல்லாதவற்றைத் திரும்பப் பெறுவதும் இன்று தொடங்க வேண்டிய வேலை.

1. உறுதி தொலைந்தவர்கள் மாவட்டக் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம். நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி ஆகியவற்றுள் நினைவிலிருப்பதை எழுதிக்கொண்டு போங்கள்.

2. கமநல சேவை நிலையத்தில் விவசாயக் காணிகளின் பதிவேடு உண்டு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அது பேணப்படுகிறது. உங்கள் வயலுக்கு நேரே யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் வேறு பெயர் ஏறியிருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கள்.

3. இடம்பெயர்ந்ததற்கான சான்றுகளை எறியாதீர்கள். நலன்புரி நிலையப் பதிவு, நிவாரண அட்டை, மீள்குடியேற்றக் கடிதம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஆகிய ஒவ்வொன்றும் நீங்கள் காணியைக் கைவிடவில்லை என்பதற்குச் சாட்சி.

4. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் தொடங்கப்பட்ட விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்தில் முன்பு சேர்ந்து பணம் கட்டியவர்கள், 60 வயதின் பின் உரியதைக் கேட்கலாம். பழைய பற்றுச்சீட்டு இருந்தால் அதனோடு கமநல சேவை நிலையத்துக்குச் செல்லுங்கள்.

5. காணியை விற்பதென்று தீர்மானித்தால், தரகர் சொன்ன விலைக்கு ஒரே நாளில் உடன்படாதீர்கள். பிள்ளைகளோடும் அயலாரோடும் பேசுங்கள். மதிப்பீட்டைப் பெறுங்கள். வரிக்குரிய ஆதாயம் இருந்தால் விற்று ஒரு மாத காலத்துக்குள் அறிவிக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

எதைக் கேட்போம்?

திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடலில், மனிதன் உழைத்துத் தேடிய உடைமையை மிதமிஞ்சிய வரியால் உறிஞ்சிவிடுவது அரசுக்கு அடாது என்ற கருத்து உண்டு. லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரம் சொல்லும் யூபிலி ஆண்டிலே, வறுமையால் கைமாறிய காணி பழைய குடும்பத்திடமே திரும்பியது. முன்னோரின் திராட்சைத் தோட்டத்தை அரசனுக்குக் கொடுக்க மறுத்த நாபோத், அது வெறும் விலைப்பொருள் அல்ல என்பதற்காகவே உயிரையும் இழந்தார். வரியே வேண்டாம் என்று திருச்சபை சொல்லவில்லை. வைத்தியசாலையும் பாடசாலையும் வீதியும் வரியில்தான் நடக்கின்றன. யாரிடம், எப்போது, எவ்வளவு என்பதில்தான் நீதி இருக்கிறது.

ஆகவே கமக்காரர் அமைப்புகளும் பங்கு மட்ட அபிவிருத்திக் குழுக்களும் தமது கூட்டங்களில் மூன்று கோரிக்கைகளை ஆராயலாம். ஒன்று, 60 வயதைக் கடந்த விவசாயியோ சிறுதொழிலாளரோ தமது தொழிற்சொத்தை விற்கும்போது, ஓர் எல்லைவரை ஆதாய வரியிலிருந்து விலக்கு வேண்டும். அந்த எல்லை சிறியவருக்கு அளவானதாக இருக்க வேண்டும். பிரித்தானியாவில் நடந்ததுபோலப் பெரியவருக்கு வாசலாகக் கூடாது. இரண்டு, வாழ்ந்த வருடம், உழுத வருடம் என்று சட்டம் எண்ணும் இடமெல்லாம், இடம்பெயர்ந்த வருடங்களையும் அந்த வருடங்களாகவே எண்ண வேண்டும். மூன்று, கணவனை இழந்த பெண் காணியை ஏற்கும்போது கணவனின் வருடங்கள் அவளுடைய கணக்கில் சேர வேண்டும்.

இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றிப் பிரதேச செயலாளருக்கும், மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், நிதியமைச்சுக்கும் அனுப்பலாம். ஒவ்வொரு வருடமும் வரவு செலவுத் திட்டத்துக்கு முன் எழுதுவது பயன் தரும். அயர்லாந்தின் சட்டத்திலுள்ள ஒவ்வொரு விதிவிலக்குக்கும் பின்னால் ஒரு விதவையோ, நோயாளியோ, வீதிக்குக் காணி கொடுத்தவரோ இருக்கிறார். எங்கள் ஊரில் அப்படியானவர்கள் யார் யார் என்று முதலில் ஒரு பட்டியல் எழுதுவோம். பெயர், வயது, உழுத வருடம், இடம்பெயர்ந்த வருடம், காணியின் அளவு ஆகிய இந்த ஐந்தும் போதும். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பட்டியலோடு வாருங்கள்.